கோழிக்கு வந்த காய்ச்சல் கொட்டகைக்கும் வருமா?

(வானொலியில் ஒலிபரப்பான உரை)

நம் நேயர் ஒருவர் எழுதிய அஞ்சலட்டை என் கையில் இருக்கிறது. அதை அப்படியே படிக்கிறேன், கேளுங்கள்.

"ஐயா, எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடு, எட்டு வெள்ளாடு, இருபது நாட்டுக்கோழி இருக்குது. ராத்திரியானா எல்லாம் ஒரே கொட்டகையில்தான். அமெரிக்காவிலே கோழிக் காய்ச்சல் மாட்டுக்கே வந்துட்டுதாம். என் பேரன் கைபேசியிலே பார்த்துச் சொல்றான். நெசந்தானா? நெசம்னா பாலைக் குடிக்கலாமா? கோழியை எல்லாம் வித்துடலாம்னு வீட்டிலே சொல்றாங்க. வித்துடட்டுமா?"

மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். மூன்றும் நல்ல கேள்வி. முதல் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். நெசந்தான். அமெரிக்காவில் கறவை மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தது. மற்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டுமானால், அங்கே என்ன நடந்தது, எப்படிப் பரவியது என்று கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நம்ம வீட்டுக் கொட்டகையில் எதை மாற்றணும், எதை மாற்ற வேண்டியதில்லை என்று புரிந்துகொள்வதற்காகத்தான்.

பறவையிலிருந்து மிருகத்துக்கு

பறவைக் காய்ச்சல் என்பது வைரஸ் என்கிற நுண்கிருமியால் வருகிற நோய். அதில் பல வகை உண்டு. நாம் இன்றைக்குப் பேசுவது எச்5 என்1 என்ற வகையைப் பற்றி. 1996-ஆம் ஆண்டு சீனாவில் குவாங்டாங் மாகாணத்தில், பண்ணையில் வளர்த்த பெருவாத்து ஒன்றில் இதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷமே, 1997-ல், ஹாங்காங்கில் 18 பேருக்கு இது வந்து 6 பேர் இறந்தார்கள். அந்த ஊரில் இருந்த கோழிகளை எல்லாம், பத்து லட்சத்துக்கும் மேலே, அழித்தார்கள்.

நம் நாட்டுக்கு இந்த நோய் 2006 பிப்ரவரியில் வந்தது. மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்தில் நவாப்பூர் என்ற ஊரில் உள்ள கோழிப் பண்ணைகளில் முதலில் கண்டார்கள். பக்கத்துக் கேரளத்தில், ஆலப்புழை மாவட்டத்து வாத்துகளில் 2014-லிருந்து பல தடவை பறவைக் காய்ச்சல் வந்துபோயிருக்கிறது.

காட்டு வாத்து, நீர்ப்பறவை இவைகள்தான் கிருமியைத் தூர தேசங்களுக்குச் சுமந்து போகின்றன. அவற்றின் எச்சத்திலும் எச்சிலிலும் கிருமி இருக்கும். அது குளத்தில் விழும், களத்தில் விழும். அங்கே மேயும் நம்ம கோழிக்கும் வாத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். இதுவரை நமக்குத் தெரிந்த சங்கதிதான்.

ஆனால் இந்தக் கிருமி பறவையோடு நிற்கவில்லை. 2004-ல் தாய்லாந்தில் ஒரு புலிப் பண்ணையில் 441 புலிகள் இருந்தன. அவைகளுக்குப் பச்சைக் கோழி போட்டு வளர்த்தார்கள். சீக்குக் கோழி அதில் கலந்துவிட்டது. செத்ததும், நோய் பரவாமல் இருக்கக் கொன்றதுமாக 147 புலிகள் போயின.

2022 அக்டோபரில் ஸ்பெயின் நாட்டில் ஒரு ரோமப் பண்ணை. நம்ம ஊர்க் கீரிப்பிள்ளை போல இருக்கும் மிங்க் என்ற பிராணியைத் தோலுக்காக அங்கே வளர்ப்பார்கள். கூண்டுக்குக் கூண்டு நோய் தாவி, கடைசியில் சுமார் 52,000 மிங்குகளையும் அழித்தார்கள். 2023-ல் தென் அமெரிக்கக் கடற்கரைகளில் கடல் சிங்கங்கள் ஆயிரக்கணக்கில் செத்து ஒதுங்கின. அதே வருஷம் அர்ஜென்டினாவில், துதிக்கை போல மூக்கு தொங்கும் யானைச் சீல் என்ற கடல் விலங்கின் குட்டிகள் ஒரே பருவத்தில் 17,000-க்கு மேல் மாண்டன.

நம் நாட்டிலும் நடந்தது. 2024 டிசம்பரில் நாக்பூரில் வனவிலங்கு மீட்பு மையம் ஒன்றில் மூன்று புலியும் ஒரு சிறுத்தையும் இந்த நோயில் இறந்தன. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தில் சிந்துவாராவில் வீட்டுப் பூனைகளுக்கும் இது வந்தது.

இதையெல்லாம் கேட்கும்போது உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். புலி, பூனை, நரி எல்லாம் கறி தின்கிற ஜாதி. நோய்ப்பட்ட பறவையைத் தின்றால் நோய் வரத்தான் செய்யும். புல்லும் வைக்கோலும் தின்கிற மாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உலகத்துக் கால்நடை மருத்துவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்தார்கள். 2024 மார்ச் வரைக்கும்.

பூனை சொன்ன சேதி

அமெரிக்காவில் டெக்சாஸ் என்று ஒரு மாநிலம். அதன் வட பகுதியில் ஆயிரம், இரண்டாயிரம் மாடுகளை ஒரே இடத்தில் வைத்துக் கறக்கிற பெரிய பால் பண்ணைகள் உண்டு. 2024 தொடக்கத்தில் அங்கே சில பண்ணைகளில் மாடுகள் திடீரென்று தீவனம் குறைத்துக்கொண்டன. அசை போடுவது குறைந்தது. பால் சடாரென்று இறங்கியது. கறந்த பாலும் கெட்டியாக, மஞ்சளாக, கன்று போட்ட அன்றைக்குக் கறக்கிற சீம்பால் மாதிரி இருந்தது. கன்று போட்டு மாசக்கணக்காகிவிட்ட மாட்டுக்குச் சீம்பால் எப்படி வரும்?

வழக்கமான நோய்களுக்குச் சோதனை செய்து பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

அந்தப் பண்ணைகளில் ஒன்றில் எலி பிடிப்பதற்கு இருபத்து நாலு பூனை இருந்தது. சீக்கு மாட்டின் பச்சைப் பாலை அவைகளுக்கு ஊற்றுவார்கள். மாட்டுக்குச் சீக்கு வந்த மறுநாளே பூனைகளுக்கும் வர ஆரம்பித்தது. சில பூனைக்குக் கண் தெரியாமல் போயிற்று. சில தள்ளாடி விழுந்தன. பாதிக்கு மேல் செத்தன. கால்நடை மருத்துவர்கள் யோசித்தார்கள். மாடு சாகவில்லை, பூனை சாகிறது என்றால் என்ன அர்த்தம்? செத்த பூனையையும் மாட்டுப் பாலையும் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நோய் ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பினார்கள். இரண்டிலும் பறவைக் காய்ச்சல் கிருமி இருந்தது. 2024 மார்ச் 25-ஆம் தேதி அமெரிக்க அரசு அதை உலகத்துக்கு அறிவித்தது.

தொழுவத்துப் பூனை செத்தால் நாம் என்ன செய்கிறோம்? தூக்கி வேலியோரம் எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். அங்கே ஒருவர் அதைக் கவனித்ததால்தான் நோய் பிடிபட்டது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மடியில் என்ன வேலை?

காய்ச்சல் என்றால் மூக்கிலும் நுரையீரலிலும்தானே வரணும், மடிக்கு ஏன் போச்சு என்று கேட்கலாம். கிருமி ஒரு சாவி மாதிரி. அது நுழைவதற்கு உடம்பில் பொருத்தமான பூட்டு இருக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் சாவிக்குப் பொருந்துகிற பூட்டு, மாட்டின் மடிக்குள்ளே, பால் சுரக்கிற இடத்தில் நிறைய இருக்கிறது. இது பிற்பாடு ஆராய்ந்து கண்டது. அதனால்தான் கிருமி மடியில் குடியேறி அங்கேயே பெருகியது. மாட்டின் மூச்சில் இருந்ததை விடப் பாலில் பல மடங்கு இருந்தது.

பெரும்பாலான மாடுகள் சாகவில்லை. சில வாரத்தில் தேறிவிட்டன. ஆனால் பால் போனது போனதுதான். ஒஹையோ மாநிலத்தில் ஒரு பண்ணையில் கணக்கெடுத்தார்கள். நோய்க்குறி காட்டிய மாடு ஒவ்வொன்றும் அறுபது நாளில் ஏறத்தாழ 900 கிலோ பாலை இழந்திருந்தது. ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் கறக்கிற நம்ம கலப்பினப் பசுவுக்கு அது மூணு மாசப் பால்.

கறவைக்காரர் போகும் வழி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த நோய் மாட்டிலிருந்து மாட்டுக்கு எப்படிப் போயிற்று?

அதற்கு முன் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் கால்நடை உதவி மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு கிராமத்தில் மேலத்தெருவில் வரிசையாக ஐந்தாறு வீட்டுப் பசுக்களுக்கு மடிவீக்கம். காம்பில் திரிதிரியாகப் பால் வருகிறது. நான் தரையைப் பார்த்தேன், தீவனத்தைப் பார்த்தேன், ஈயைக் குறை சொன்னேன். அப்போது ஒரு வயதான அம்மாள் திண்ணையிலிருந்து இறங்கி வந்தார்.

"டாக்டரய்யா, நீங்க மாட்டையே பார்க்கறீங்க. கறவைக்காரர் வர்ற வழியைப் பாருங்க. அவர் முதல்லே கறக்கிற வீட்டிலேதான் முதல்லே மடி வீங்கிச்சு. அடுத்தாப்பிலே ரெண்டாவது வீடு. அப்புறம் மூணாவது. கோடி வீட்டிலே அவங்களே கறந்துக்கறாங்க. அங்கே ஒண்ணுமில்லே, பார்த்தீங்களா?"

நான் கோடி வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மாள் சொன்னது சரிதான். கறவைக்காரர் நல்ல மனுஷர், வேலையில் சுத்தமானவர் என்று பெயரெடுத்தவர். ஆனால் எல்லா வீட்டு மடியையும் ஒரே ஈரத்துணியால் துடைத்துக் கறந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று காலையில் நானே ஒரு வாளித் தண்ணீரில் கையை அலம்பிக்கொண்டு நாலு மடியைத் தொட்டுப் பார்த்தவன்தானே!

டெக்சாஸில் நடந்ததும் இதே கதைதான். அளவுதான் பெரிசு. கிருமியின் மரபுக் கூறுகளை ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயம் கண்டுபிடித்தார்கள். 2024 முழுக்கப் பல மாநிலத்துப் பண்ணைகளில் பரவிய நோய்க்கு மூலம், 2023 இறுதி வாக்கில் பறவையிலிருந்து மாட்டுக்கு நேர்ந்த ஒரே ஒரு தாவல். பறவை கொண்டு வந்தது அந்த ஒரு தடவை. அதுக்கப்புறம் மாநிலம் மாநிலமாக அதைக் கொண்டு போனது மனுஷர்தான்.

எப்படியென்றால், நோய் வெளியே தெரியாத மாடுகளை லாரியில் ஏற்றி வேறு மாநிலத்துக்கு விற்றார்கள். டெக்சாஸிலிருந்து மிச்சிகன் என்ற மாநிலத்துக்குப் போன மாடுகள் வண்டியிலிருந்து இறங்கும்போது நன்றாகத்தான் இருந்தன. கொஞ்ச நாளில் அங்கிருந்த மாடுகளுக்குப் பால் இறங்கியது. பால் கறக்கும் இயந்திரத்தை ஒரு மாட்டிலிருந்து கழற்றி அடுத்த மாட்டுக்கு மாட்டினார்கள். இயந்திரத்தின் ரப்பரில் ஒட்டியிருக்கிற பாலில் இந்தக் கிருமி ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருக்கிறது என்று சோதனையில் தெரிந்தது. ஆட்களின் கை, செருப்பு, உடுப்பு, பண்ணைக்குப் பண்ணை போகும் வண்டிச் சக்கரம், இவைகளும் கொண்டு போகக்கூடியவை.

2024 ஏப்ரல் கடைசியில், கறவை மாட்டை மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுவதற்கு முன் சோதனை செய்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க அரசு உத்தரவு போட்டது. அதற்குள் நோய் பல மாநிலங்களுக்குப் போய்விட்டது. 2025 முடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பால் பண்ணைகளில் இந்த நோய் கண்டது. அதில் எழுநூறுக்கு மேல் கலிபோர்னியா ஒரு மாநிலத்தில் மட்டும். 2025 தொடக்கத்தில் நெவாடாவிலும் அரிசோனாவிலும் பறவையிலிருந்து மாட்டுக்கு மறுபடியும் புதிதாகத் தாவியதும் உண்டு. ஆகவே பறவைக்கும் நாம் கண் வைக்கணும். ஆனாலும் ஆயிரம் பண்ணைக்குப் பரவினதில் பெரும்பங்கு மனுஷர் கைங்கரியம்தான்.

மாட்டில் பரவிய கிருமி திரும்பவும் கோழிப் பண்ணைகளுக்குப் போயிற்று. மனுஷருக்கும் வந்தது. அமெரிக்காவில் 2024-லும் 2025 தொடக்கத்திலுமாக எழுபது பேருக்குத் தொற்று கண்டது. அதில் பாதிக்கு மேல் பால் பண்ணையில் வேலை செய்தவர்கள். கறக்கும்போது பால் கண்ணில் தெறித்தோ, பால் கையோடு கண்ணைத் தேய்த்தோ வந்திருக்க வேண்டும். பலருக்குக் கண் சிவந்து எரிச்சலோடு போய்விட்டது. ஆனால் லூசியானா மாநிலத்தில் வீட்டுக் கோழிகளோடும் காட்டுப் பறவைகளோடும் புழங்கிய வயதானவர் ஒருவர் 2025 ஜனவரியில் இறந்தார்.

ஆடு இருக்கிற வீட்டுக்காரர் கவனிக்க

அஞ்சலட்டை எழுதிய நேயருக்கு எட்டு வெள்ளாடு இருக்கிறது. அவர் கவனிக்க வேண்டிய சங்கதி இது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு வீட்டுப் பண்ணை. முதலில் கோழிக்கும் வாத்துக்கும் நோய் வந்தது. அவற்றை அழித்தார்கள். கொஞ்ச நாள் கழித்து வெள்ளாட்டுக் குட்டிகள் சாக ஆரம்பித்தன. பார்த்தால் அதே கிருமி. அந்த ஆடுகளும் பறவைகளும் ஒரே இடத்தில் திரிந்து, ஒரே தண்ணீரைக் குடித்திருக்கின்றன. 2025 மார்ச்சில் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் ஒரு பெண் செம்மறியாட்டுக்கு இது வந்தது. அங்கேயும் அதே இடத்தில் வளர்த்த பறவைகளுக்கு முன்னாலேயே நோய் கண்டிருந்தது.

2024-லும் 2025-லும் அமெரிக்கக் கொட்டகைகளில் நடந்தது போல நம் நாட்டுக் கறவை மாடுகளில் நடக்கவில்லை. அதற்காக நாம் சும்மா இருந்துவிடலாமா? வெள்ளம் வருமுன்னே அணை போட வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா?

பாலைக் குடிக்கலாமா?

இது இரண்டாவது கேள்வி. தாராளமாகக் குடிக்கலாம். காய்ச்சிக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

2024-ல் அமெரிக்கக் கடைகளில் விற்ற பால் பாக்கெட்டுகளைச் சோதித்தபோது, ஐந்தில் ஒன்றில் செத்த கிருமியின் துணுக்கு இருந்தது. உயிருள்ள கிருமி ஒன்றில்கூட இல்லை. காரணம், பால் பண்ணையில் 72 டிகிரி சூட்டில் 15 விநாடி வைத்து அனுப்புகிறார்கள். நம்ம வீட்டில் அடுப்பில் வைத்துப் பொங்கவிடுகிற சூடு அதை விட அதிகம். பொங்கிய பாலில் இந்தக் கிருமி பிழைக்காது.

ஆனால் பச்சைப் பாலைக் குடிக்கக் கூடாது. கறந்த சூட்டோடு நுரை தப்பக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பழக்கம் சில வீட்டில் உண்டு. அதை விட்டுவிடுங்கள். குளிர்ப் பெட்டியில் வைத்தால் கிருமி செத்துப்போகும் என்று நினைக்காதீர்கள். குளிரில் அது வாரக்கணக்கில் இருக்கும். பூனைக்கும் நாய்க்கும் ஊற்றினாலும் காய்ச்சின பாலை ஊற்றுங்கள்.

கோழியை விற்றுவிடலாமா?

மூன்றாவது கேள்வி. வேண்டாம். ஆத்திர அவசரத்துக்குக் காசாகிற செல்வம் நாட்டுக்கோழி. அதை ஏன் விற்க வேண்டும்? கோழி, ஆடு, மாடு மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பழக்கத்தில் சிலதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நான் சொல்கிறதில் பெரும்பாலானதுக்குக் காசு செலவில்லை.

முதலாவது, படுக்கையைப் பிரியுங்கள். கோழி ராத்திரியில் மாட்டுக் காடியின் மேல் மூங்கிலில் அடையக் கூடாது. எச்சம் நேரே தீவனத்தில் விழும். கொட்டகைக்கு வெளியே தனியாக ஒரு கூண்டு, இல்லாவிட்டால் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள்.

இரண்டாவது, தண்ணீரைப் பிரியுங்கள். மாட்டுக்கு வைக்கிற கழுநீர்த் தொட்டியில் கோழி ஏறி நின்று குடிக்கிறதை நாம் தினமும் பார்க்கிறோம். கோழிக்குத் தனியாக ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். மாட்டுத் தொட்டியை மூடி வைத்து, காட்டுகிற நேரத்துக்கு மட்டும் திறவுங்கள். அறுவடை முடிந்த வயலில் மேய்ச்சல் வாத்துக் கூட்டம் இறங்கியிருந்தால், அந்தத் தண்ணீரில் மாட்டை விடாதீர்கள். வீட்டுக் கோழியும் வாத்தும் கலக்க வேண்டாம்.

மூன்றாவது, கை. ஒரு மாட்டைக் கறந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போங்கள். இந்தக் கிருமிக்குச் சோப்பு ஆகாது. மாட்டுக்கு ஒரு துணி என்று வைத்துக்கொண்டு, துவைத்து வெயிலில் காய வையுங்கள். கறவைக்காரர் வந்து கறக்கிற வீட்டில், அவர் வந்ததும் வாசலிலேயே தண்ணீரும் சோப்பும் கொடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், மரியாதையாகக் கொடுத்தால்! கறவை இயந்திரம் வைத்திருப்பவர்கள் மாட்டுக்கு மாடு குழாயைக் கழுவுங்கள். சீக்கு மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். அந்தப் பாலை மற்றதோடு சேர்க்காதீர்கள், சங்கத்துக்கும் ஊற்றாதீர்கள். கன்றுக்கும் பச்சையாக விடாதீர்கள்.

நான்காவது, சந்தையில் வாங்கி வந்த மாட்டை அன்றைக்கே கொட்டகையில் சேர்க்காதீர்கள். ஒரு மாசம் தள்ளி, மரத்தடியில் கட்டுங்கள். அதற்குத் தனித் தொட்டி. அதைக் கடைசியில் கறக்க வேண்டும். மிச்சிகன்காரர்கள் செய்யத் தவறியது இதைத்தான்.

ஐந்தாவது, செத்த கோழியை என்ன செய்வது? ஓடையில் எறியாதீர்கள், குப்பைமேட்டில் போடாதீர்கள், நாய்க்கும் பூனைக்கும் போடாதீர்கள். புலிக்கு நேர்ந்த கதியைத்தான் சொன்னேனே.

ஆறாவதாகத் தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. கோழி சோர்ந்து நின்றால், சாகிறதுக்கு முன்னே அறுத்துக் குழம்பு வைத்துவிடலாம் என்கிற வழக்கம் நம் ஊர்களில் உண்டு. வீணாய்ப் போகக் கூடாது என்ற எண்ணத்தில் செய்வது, எனக்குப் புரிகிறது. ஆனால் அறுக்கும்போதும் இறகு பிடுங்கும்போதும் குடலை எடுக்கும்போதும்தான் ஆபத்து அதிகம். நன்றாக வெந்த கறியிலும் முட்டையிலும் கிருமி இருக்காது. பச்சையாக இருக்கும்போது கையில் ஒட்டும், அரிவாள்மணையில் ஒட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற குழந்தையின் வாய்க்கும் போகும். ஆந்திரத்தில் 2025 மார்ச்சில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இந்த நோயில் இறந்தது. பச்சைக் கோழிக்கறித் துண்டைத் தின்றதாகப் பிற்பாடு தெரிய வந்தது. ஆகவே சீக்குக் கோழியை அறுக்கவே வேண்டாம். நல்ல கோழியை அறுக்கும்போதும் குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

சொல்வதற்குத் தயங்காதீர்கள்

கடைசியாக ஒன்று. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டொரு நாளில் பல கோழிகள் திடீரென்று செத்தால், கொண்டை கருநீலமாகிப் போனால், முகம் வீங்கினால், முட்டை சட்டென்று நின்றால், "இது வெள்ளைக் கழிச்சல்தான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வெள்ளைக் கழிச்சலும் இப்படித்தான் இருக்கும். கண்ணால் பார்த்து டாக்டரே பிரித்துச் சொல்ல முடியாது, சோதனை செய்துதான் சொல்ல வேண்டும். அதே மாதிரி, மாட்டுக்குத் திடீரென்று பால் இறங்கி, சீம்பால் போலக் கெட்டியாக வந்தால், அதுவும் கோழி செத்த வீட்டில் வந்தால், உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னாலும் போதும், காசு ஆகாது. டாக்டர் வரும்வரை செத்த கோழியை வெறுங்கையால் தொடாதீர்கள். கையில் பை மாட்டிக்கொண்டு, நாய் இழுக்காதபடி மூடி வையுங்கள். புதைப்பதானால் கிணற்றுக்குத் தள்ளி ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

"சொன்னால் ஊரில் உள்ள கோழியை எல்லாம் அழித்துவிடுவார்கள், என்னால் எல்லாருக்கும் நஷ்டம்" என்று பலர் வாயைத் திறப்பதில்லை. இந்தப் பயம் நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்கப் பண்ணைக்காரர்களில் பலரும் பால் விற்பனை நின்றுபோகுமே என்று சோதனைக்குத் தயங்கினார்கள். போன பாலுக்கு ஈடு தருகிறோம் என்று அரசு 2024 ஜூலையில் ஏற்பாடு செய்தது. தயங்கிய காலத்தில் கிருமி தயங்கவில்லை.

நம் நாட்டு விதி என்ன தெரியுமா? பறவைக் காய்ச்சல் என்று சோதனையில் உறுதியானால், சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற கோழி, வாத்துகளை அழிப்பார்கள். அப்படி அழிக்கிற பறவைக்கு அரசு ஈட்டுத்தொகை தரும். ஆனால் தகவல் சொல்வதற்கு முன்னாலேயே செத்துப்போன கோழிக்கு ஈடு கிடையாது. யோசித்துப் பாருங்கள். இரண்டு கோழி செத்ததும் சொன்னவருக்கு மற்ற பதினெட்டுக்கு ஈடு கிடைக்கும். பதினெட்டும் சாகிறவரை மறைத்து வைத்தவருக்கு என்ன மிஞ்சும்? தவிரவும், கால்நடைக்குத் தொற்று நோய் கண்டால் தெரிவிக்க வேண்டியது உடையவர் கடமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

சோதனையில் சாதாரணக் கழிச்சல் என்று வந்துவிட்டால் இன்னும் நல்லதாகப் போயிற்று. மிச்சக் கோழிக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

அஞ்சலட்டை எழுதிய நேயருக்கு என் பதில் இதுதான். பேரன் சொன்னது நெசம். பாலைக் காய்ச்சிக் குடியுங்கள். கோழியை விற்க வேண்டாம், ராத்திரி மாட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே அடையுங்கள். அந்த மேலத்தெரு அம்மாள் எனக்குச் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்கிறேன். மாட்டை மட்டும் பார்க்காதீர்கள், மாட்டுக்கு நோய் வருகிற வழியையும் பாருங்கள். நாளைக் காலையில் கறக்க உட்காருவதற்கு முன்னே சோப்பை எடுத்துத் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் வையுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.